குடிப்பவன் உயிரும் உயிரே

(பொதுக்கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



மதுவைப் புகழ நாம் இங்கு வரவில்லை. குடி குடியைக் கெடுக்கும் என்பதை, நீதிமன்ற வாயிலில் கண்ணீருடன் நிற்கும் பெண்களிடம் நாம் பலமுறை கேட்டறிந்துள்ளோம். ஆயினும், குடிப்பவனை எயிட்ஸ் நோயிலிருந்து காக்கும் ஆய்வுக்குப் பொதுப்பணம் செலவிடலாமா என்ற வினா எழும்போது, "அவனுக்கு ஏன்?" என்று கேட்போர் சற்றுச் சிந்திக்க வேண்டும். இவ்வினா அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையிலேயே எழுந்தது. அவ்வரலாற்றை முதலில் எடுத்துரைக்கின்றோம்.

2003 ஜூலையில், பாலியல் நடத்தை பற்றிய சில ஆய்வுகளுக்குத் தேசிய சுகாதார நிறுவனங்கள் வழங்கிய பணத்தை நிறுத்தவேண்டுமென, பென்சில்வேனியா உறுப்பினர் பற்றிக் டூமி திருத்தமொன்றைக் கொண்டுவந்தார். ஆதரித்தோர் 210; எதிர்த்தோர் 212. இரண்டே வாக்குகளில் அந்த ஆய்வுகள் பிழைத்தன!

2009இல் மீண்டும் புயல் கிளம்பியது. சீனாவின் குவாங்சிப் பகுதியில், வாடிக்கையாளருடன் மது அருந்தித் தொழில் புரியும் பெண்களிடையே எச்.ஐ.வி. பரவுவதைத் தடுக்கும் வழியை ஆராய, டெட்ரொயிட் நகரின் வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்திற்கு 26 இலட்சம் டொலர் வழங்கப்பட்டிருந்தது. விலைமாதர் அளவோடு குடிக்க நாம் வரி கட்டுவதா என்று ஏளனம் எழுந்தது. இதையும் சேர்த்து மூன்று ஆய்வுகளுக்குப் பணம் மறுக்கும் திருத்தத்தை அவ்வாண்டு ஜூலையில் சபை ஏற்றுக்கொண்டது. எனினும் ஆய்வு நின்றுவிடவில்லை. அதன் முடிவுகள் பின்னர் அச்சேறின.

வரிப்பணத்தைப் பற்றிக் கேள்வி கேட்பது மக்கள் பிரதிநிதியின் உரிமை, கடமையுங்கூட. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால், விண்ணப்பங்களை எடைபோட அந்நாட்டில் இரு படிகள் வகுக்கப்பட்டுள்ளன. முதலில் துறை வல்லுநர் குழு ஆராய்கின்றது. பின்னர் ஆலோசனைச் சபை பரிசீலிக்கின்றது. இவ்விரு படிகளையும் தாண்டி வந்ததைத் தலைப்பை மட்டும் வாசித்து நகைத்துத் தள்ளுவது, சாட்சியத்தைக் கேளாமல் தீர்ப்புக் கூறுவதற்கே ஒப்பாகும்.

சாட்சியம் யாது? மது தானாக எச்.ஐ.வி.யைத் தருவதில்லை. அது மதியை மயக்குகின்றது. மயங்கியவன் ஆணுறையை மறக்கின்றான். தொற்றுள்ளவன் மாத்திரையை மறக்கின்றான். ஒழுங்காக மருந்துண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவால் நோய் தொற்றுவதில்லை என்பது இன்று நிறுவப்பட்ட உண்மை. ஆகவே, தவறவிட்ட மாத்திரை அவனுக்கு மட்டுமன்றி, ஒரு துளியும் குடியாத அவன் மனைவிக்கும் ஆபத்தாகின்றது. 12 பரிசோதனைகளைத் தொகுத்து நோக்கி 2012இல் வெளியான ஆய்வொன்று, இரத்தத்தில் மது ஏற ஏறப் பாதுகாப்பற்ற உறவுக்கு இணங்கும் எண்ணமும் ஏறுவதைக் காட்டியது.

"குடியாதே என்று சொன்னாற் போதாதா?" என்பர். வாடிக்கையாளன் நீட்டும் கிண்ணத்தை மறுத்தால் பிழைப்பையே இழப்பவளுக்கு அவ்வுபதேசம் எங்ஙனம் உதவும்? ஆகவேதான் குவாங்சி ஆய்வு, அப்பெண்கள் தொழில் புரியும் விடுதிகளையே களமாகக் கொண்டது.

2024இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 13 இலட்சம் பேருக்கு எச்.ஐ.வி. புதிதாகத் தொற்றியது என ஐக்கிய நாடுகளின் எயிட்ஸ் அமைப்பு மதிப்பிட்டது. அதற்கு அடுத்த ஆண்டே, அமெரிக்காவின் எச்.ஐ.வி. ஆய்வு மானியங்கள் பல இடைநடுவில் நிறுத்தப்பட்டன. அதே 2025 ஜூனில், ஆறு மாதத்திற்கு ஒருமுறை ஏற்றும் தடுப்பு மருந்தான லெனகாபவிருக்கு அந்நாடு அனுமதியும் வழங்கியது. நாள்தோறும் மாத்திரை உண்ண மறப்பவனுக்கு இது நற்செய்தியே. ஆனால், அவனை ஆறு மாதத்திற்கொருமுறை ஊசி போடும் இடத்திற்கு வரச் செய்வது எப்படி? இதற்கு மருந்துப் புட்டி விடை தராது. ஆய்வே விடை தரும்.

அன்பர்களே! குற்றவாளிக் கூண்டில் நிற்பவனுக்கும் வழக்கறிஞரை மறுப்பதில்லை நீதி. அவன் நல்லவனா என்று கேட்டபின் அவ்வுரிமையை நாம் வழங்குவதில்லை. நோய்த் தடுப்பிலும் அந்நீதியே நிலவவேண்டும். குடிப்பவனைத் திருத்த முயல்வோம். ஆனால் அவன் திருந்தும்வரை உயிரோடிருக்க வேண்டாமா?