கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பாடம்



தஞ்சை வட்டாரத்துப் பழைய வீடுகளின் பூசையறையில் வெண்ணெய்க் கண்ணனோ பட்டாபிஷேக ராமனோ உள்ள கண்ணாடிப் படங்களை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். படத்தில் தூசு படாமலிருக்கக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள் என்றே தோன்றும். உண்மையில் அந்தக் கண்ணாடியில்தான் ஓவியமே இருக்கிறது. அதன் பின்பக்கத்தில் தீட்டுகிறார்கள். நாம் முன்பக்கத்திலிருந்து பார்க்கிறோம். 18ஆம் நூற்றாண்டில் சீன வணிகத்தின் வழியாக இந்தியாவுக்கு வந்த இந்த முறை, குஜராத், மைசூர், தஞ்சாவூர் என்று ஒவ்வோரிடத்திலும் அந்த ஊரின் சாயலைப் பெற்றது. அச்சுப் படங்கள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் மெல்லத் தேய்ந்தது.

அப்படித் தேய்ந்துபோன கலையை 1979ஆம் ஆண்டளவில் கையில் எடுத்தவர் ஓவியர் கே.ஜி. சுப்ரமணியன். அவரைப் பற்றி உங்களிடம் பேச எனக்கு ஒரு காரணம் உண்டு. அவர் நம்மைப் போல ஓர் ஆசிரியர்.

1924இல் கேரளத்தின் கூத்துப்பறம்பில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படிக்கும்போது வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். 1944இல் சாந்திநிகேதனில் சேர்ந்து நந்தலால் போஸ், பினோத் பிகாரி முகர்ஜி, ராம்கிங்கர் பைஜ் ஆகியோரிடம் பயின்றார். 1951 முதல் பரோடாவிலும் 1980 முதல் சாந்திநிகேதனிலும் கற்பித்தார். இடையில் கைத்தறி வாரியத்தில் பணியாற்றி நெசவாளர்களோடு பழகினார். பரோடா கலைச் சந்தைக்கு மாணவர்களோடு சேர்ந்து பொம்மைகள் செய்தார். குழந்தைகளுக்குப் படக்கதைகள் எழுதி வரைந்தார். 2012இல் பத்ம விபூஷண் விருது பெற்ற அவர் 2016இல் மறைந்தார்.

கண்ணாடி ஓவியத்தின் வேலை முறையைச் சற்றுப் பாருங்கள். காகிதத்தில் நாம் பின்னணியை முதலில் பூசி, முகத்தை வரைந்து, கண்மணியைக் கடைசியில் வைப்போம். கண்ணாடியில் எல்லாம் தலைகீழ். கண்மணி முதலில், அதன் மேல் கண்ணின் வெள்ளை, பிறகு முகத்தின் நிறம், பின்னணி கடைசியில். கண்மணியை மறந்து வெள்ளையைப் பூசிவிட்டால், பிறகு அதை வைக்க இடமில்லை. இடம் வலமாகவும் மாறும். ஆகவே முதல் கோடு போடும்போதே முழுப் படமும் மனத்தில் இருக்க வேண்டும்.

சுப்ரமணியன் கண்ணாடியிலும் அக்ரிலிக் தகட்டிலும் இப்படித் தீட்டினார். பழைய கண்ணாடிப் படங்களின் பளிச்சென்ற நிறங்களும், கொல்கத்தா காளி கோயிலருகே உருவான காளிகாட் படங்களின் வேகமான தூரிகை வீச்சும் அவர் படங்களில் தெரியும். ஆனால் பழைய படம் எதையும் அவர் பெயர்த்து வரையவில்லை. அவருடைய படங்களில் வீட்டுப் பெண்கள் வருவார்கள்; பூனையும் ஆடும் பறவையும் வரும். தேவியும் அசுரனும் அதே உலகத்தில் இருப்பார்கள். பக்திப் படத்தின் நிறத்தில் அன்றாட வீட்டின் குறும்பு இருக்கும். தாய்மொழியைக் கற்றவன் அதில் தன் பேச்சைப் பேசுவதுபோல, மரபைக் கற்று அதில் தன் காலத்தைச் சொன்னார்.

இப்போது நம் வகுப்பறைக்கு வருவோம். கரும்பலகையில் மயில் ஒன்றை வரைகிறோம். "அப்படியே வரையுங்க" என்கிறோம். நம் மயிலைப் போலவே வந்தால் நல்ல மதிப்பெண். தேர்வு நெருங்கினால் ஓவியப் பாடவேளையே கணக்குக்குப் போய்விடுகிறது. விளைவு, எட்டாம் வகுப்புக்கு வருவதற்குள் பல பிள்ளைகள் "எனக்கு வரைய வராது டீச்சர்" என்று சொல்லிவிடுகிறார்கள். ஆனால் அதே பிள்ளை மார்கழி மாதம் யாரையும் கேட்காமல் வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடுகிறது. ஊர் அய்யனார் கோயில் மண்குதிரையின் கழுத்து மணியைக்கூட நினைவிலிருந்து சொல்கிறது. மரபு அந்தப் பிள்ளையிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கொண்டு தன் சொந்தச் சேதியைச் சொல்ல வாய்ப்புத்தான் வேண்டும்.

செலவு குறைந்த ஒரு வழி சொல்கிறேன். பிள்ளைகள் கையில் கண்ணாடி வேண்டாம், வெட்டிவிடும். தெளிவான, தடித்த பிளாஸ்டிக் தாள் போதும். அழியாத மை பேனாவால் கோடுகள்; காய்ந்ததும் துணிக்குப் பூசும் வண்ணமோ அக்ரிலிக் வண்ணமோ. ஊர்த் திருவிழாவில் பார்த்த ஒன்றை வரையச் சொல்லுங்கள். தேராக இருக்கலாம், பலூன்காரராக இருக்கலாம். தீட்டுமுன் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "எதை முதலில் வைக்கணும்?" அங்கே ஒரு விவாதம் நடக்கும். படத்தின் மூலையில் பெயர் எழுதச் சொல்லுங்கள். திருப்பிப் பார்த்ததும் பெயர் தலைமாறி நிற்கும்; எதிரொளிப்புச் சமச்சீர்மை பற்றிக் கணக்கு ஆசிரியர் அங்கிருந்தே தொடங்கலாம்.

மாதிரிப் படம் எதையும் முன்னால் மாட்டாதீர்கள். நாற்பது பிள்ளைகள் இருந்தால் நாற்பது திருவிழாக்கள் வரட்டும். அவற்றைச் சன்னல் கம்பிகளில் வெளிச்சம் படும்படி கட்டிவிட்டு, பெற்றோர் கூட்டத்தன்று ஒவ்வொரு பிள்ளையையும் தன் படத்தருகே நின்று பேசச் சொல்லுங்கள்.