காந்த மாசும் மீக்கடத்தமும்



மின்னோட்டத்திற்குச் சிறிதும் தடைசெய்யாத மாழையை மீக்கடத்தி என்கின்றோம். 1911-இல், ஆலந்து நாட்டு இலெய்டன் நகரில், காமர்லிங்கு ஒன்னசு என்பார் பாதரசமாகிய இதளை 4.2 கெல்வின் வரை குளிர்வித்தபோது, அதன் தடை அறவே மறையக் கண்டார். காரணம் விளங்க 46 ஆண்டுகள் ஆயின. 1957-இல் பார்தீன், கூப்பர், சிரீபர் ஆகிய மூவரும் விளக்கினர்: அக்குளிரில் மின்னணுக்கள் தனித்து ஓடுவதில்லை; எதிரெதிர்த் தற்சுழற்சியுடைய இரண்டிரண்டாய் இணைந்தே ஓடுகின்றன.

அங்ஙனமாயின், மாழையில் மாசு கலந்தால் அவ்விணை முறியாதோ? முறியாது என்று 1959-இல் ஆண்டர்சன் காட்டினார். திருவிழாக் கூட்டத்தில் கைகோத்துச் செல்லும் இருவர், தூண்கள் பல குறுக்கிட்டாலும் ஒதுங்கி நடப்பரன்றோ? காந்தமில்லா மாசு அத்தூண் போன்றது. இருவரையும் ஒப்பவே தடுக்கும். காந்த மாசோ அவ்வாறன்று. ஒருவரை இப்பாலும் மற்றவரை அப்பாலும் இழுப்பது போல், எதிரெதிர்த் தற்சுழற்சிகளை வேறுவேறாய் நடத்தும், பிடி தளரும். இலந்தன மாழையில் நூற்றுக்கு ஓரணு கடோலினியம் சேர்த்தாலே, அதன் மாறு வெப்பநிலை ஏறத்தாழ 5 கெல்வின் இறங்கிவிடுவதை 1958-இல் மத்தியாசு குழுவினர் அளந்தறிந்தனர். மாசின் அளவினும் அதன் இயல்பே பெரிது என்பது இங்கு வெளிப்படை.

இனி, வியப்பு ஒன்று. இணையை உடைக்க வேண்டிய ஆற்றலை இடைவெளி என்பர். இவ்விடைவெளியே மீக்கடத்தத்தின் உயிர் எனப் பலரும் கருதியிருந்தனர். 1960-இல் உருசிய அறிஞர் அபிரிக்கோசோவும் கோர்க்கோவும் வேறு கணக்கிட்டனர். மீக்கடத்தத்தை முற்றும் அழிக்கும் மாசளவில் 91 விழுக்காட்டை எட்டும்போதே இடைவெளி மூடிவிடும்; எனினும் தடையின்மை எஞ்சி நிற்கும்! 1962-இல் இரீபும் உல்பும் கடோலினியம் கலந்த காரீய மெல்லேடுகளில் இதனை ஆய்ந்து மெய்ப்பித்தனர்.

மெல்லேடுகளை அடுக்கினால் நிலை மேலும் நுட்பமாகும். காரீய ஏட்டின்மேல் செப்பேடு படிந்தால், இணைகள் செம்பினுள்ளும் கசியும். தூய செம்பில் நெடுந்தொலைவு செல்லும். அச்செம்பில் இரும்பணுக்கள் கலந்திருப்பின் அவை விரைவில் முறியும். செம்பிற்கு மாறாக இரும்பையே அடுக்கினால், நூறு கோடியில் ஒரு பங்கு மீட்டர் என்னும் அளவில் ஒரு சிலவற்றைக் கடக்குமுன்னரே இணைகள் மடியும். காரீய ஏடு மெலிய மெலிய அதன் மாறு வெப்பநிலையும் தாழும். ஓர் அளவிற்குக் கீழ் மீக்கடத்தமே இராது. ஏடு படிய வைக்கும் ஆய்வர்கள் கலத்தில் ஒட்டிய இரும்புத் துகளுக்கு அஞ்சுவது இதனாலேயே.