கல்தளம் சொல்லும் கணக்கு



எருசலேமின் பழைய நகரில், சிலுவைப்பாதை செல்லும் தெருவின் குறுக்கே ஒரு கல் வளைவு நிற்கிறது. முள்முடி சூடிய இயேசுவைப் பிலாத்து மக்களுக்குக் காட்டிய இடம் என்று திருப்பயணிகள் நெடுங்காலம் வணங்கி வந்த வளைவு அது. அதை ஒட்டியே சீயோன் அன்னை சபைக் கன்னியரின் மடம் இருக்கிறது.

பிரான்சில் யூதக் குடும்பத்தில் பிறந்து குருக்களான ரத்திஸ்பான் சகோதரர்கள் ஏற்படுத்திய சபை இது. இளையவர் அல்போன்ஸ் 1850-களில் அந்த இடத்தை வாங்கினார். கன்னியர்கள் அங்கே பெண்பிள்ளைகளை வளர்த்தார்கள், படிக்க வைத்தார்கள்.

மண்ணைத் தோண்டியபோது ரோமானியர் பாவிய தளம் வெளிப்பட்டது. குதிரைக்குக் கால் வழுக்காதபடி வரிவரியாகக் கீறிய கற்கள். சில கற்களில் வீரர்கள் ஆடிய ஆட்டக் கட்டங்கள்கூட இருந்தன. பிலாத்து இயேசுவுக்குத் தீர்ப்பு வழங்க அமர்ந்த இடமாக யோவான் நற்செய்தியில் வரும் கல்தளம் இதுதான் என்று பலரும் நம்பினார்கள். அந்தச் சபையைச் சேர்ந்த சகோதரி மரி-அலின் அங்கேயே அகழாய்ந்து, 1955-இல் விரிவான ஆய்வு நூலே வெளியிட்டார். அவருடைய முடிவும் அதுவே.

ஆனால் தளத்துக்கு அடியில் ஒரு குளம் இருக்கிறது. கி.பி. 70-இல் ரோமானியர் நகரை முற்றுகையிட்டபோது அந்தக் குளத்தின் குறுக்கே மண்மேடு எழுப்பினார்கள் என்று அக்கால வரலாற்றாசிரியர் யோசேபு எழுதியிருக்கிறார். அப்படியானால் அன்று குளம் திறந்துதான் கிடந்திருக்க வேண்டும். அதற்கு வளைகூரை போட்டு மேலே தளம் பாவியது பிறகு நடந்த வேலை. தொமினிக்கன் துறவி பியேர் பெனுவா இதை எடுத்துக்காட்டினார். தளமும் வளைவும் பேரரசர் ஹாட்ரியன் காலத்தவை, அதாவது இயேசுவுக்கு நூறாண்டு பிந்தியவை என்பதே இன்று பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து.

பயணிகளை ஈர்த்த பெருமையே கைநழுவினால் எந்த மடத்துக்கும் சங்கடம்தான். ஆனாலும் இன்று அங்கே போகிறவர்களுக்குக் கன்னியர் இந்தக் காலக் கணக்கை மறைப்பதில்லை. மடத்தின் விருந்தினர் இல்லத்தில் தங்கி விவிலியம் படிக்கவும் வழி செய்திருக்கிறார்கள். 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் யூதர்களைப் பற்றிய திருச்சபையின் பார்வையைத் திருத்திய பின், யூத மரபை மதித்துக் கற்பது இந்தச் சபையின் முக்கியப் பணியாயிற்று.

தவறான இடத்தில் மண்டியிட்டாலும் பயணியின் செபம் வீணாகாது. ஆனால் அது எந்த இடம் என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. அதை மதிப்பதும் விருந்தோம்பல்தான்.