வினைக்கு வேண்டாத ‘எனக்கு’

 

வெளியே புறப்படும் மகனிடம் செருமானியத் தாய் ஒருத்தி, “காலந்தாழ்த்தி எனக்கு வராதே!” என்கிறாள். வருகின்றவன் மகன்; வந்து சேரும் இடம் வீடு. ‘வராதே’ என்னும் வினைக்கு அங்கே ‘எனக்கு’ வேண்டுவதே இல்லை. அச்சொல்லை நீக்கினாலும் செய்தி குறையாது. தாயின் நெஞ்சு மட்டுமே மறைந்துபோகும். ‘மிர்’ என்னும் அந்தச் சிறு சொல், “நீ தாழ்த்தால் துடிப்பவள் யானன்றோ!” என்பதைச் சொல்லாமற் சொல்கின்றது.

இசுபானியத் தாயும் இத்தகையளே. பிள்ளை உண்ண மறுத்தால், “எல் நீன்யோ நோ மே கோமே” என்பாள். சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவன், “பிள்ளை என்னைத் தின்னவில்லை” என எழுதி நகைப்புக்கு ஆளாவான். “பிள்ளை உண்ணவில்லையே, என் செய்வேன்!” என்பதே அவள் உள்ளக்கிடக்கை. பண்டை உரோமரும் ‘மிகி’ என்னும் சொல்லை இவ்வாறு ஆண்டனர். இலத்தீன இலக்கணத்தில் இதற்குத் ‘தாத்தீவுசு எத்திக்குசு’ என்று பெயர். தமிழில் ‘உணர்வு நான்கன் உருபு’ எனலாம்.

ஆங்கிலத்திலும் இவ்வழக்கு இருந்தது. செகப்பிரியர் 1590-களில் எழுதிய அடங்காப்பிடாரி நாடகத்தில், பெத்துரூக்கியோ தன் பணியாள் குருமியோவைக் கதவு தட்ட ஏவுகின்றான். ஏவலோடு ‘மீ’ என்பதையும் சேர்த்துச் சொல்கின்றான். ‘எனக்காகத் தட்டு’ என்பது தலைவன் கருத்து. ‘என்னை அடி’ என்று பொருள்கொள்கின்றான் பணியாள். சொல்லாட்டம் காதைத் திருகுவதில் முடிகின்றது. இன்றோ ஆங்கிலப் பொதுவழக்கில் அது அருகிவிட்டது. அந்நகைச்சுவை விளங்கவே உரை வேண்டியிருக்கின்றது.

‘என்னை’, ‘எனக்கு’ என்னும் இரண்டும் ‘மீ’ என ஒன்றானதே இதற்குக் காரணம் என்பார் உளர். அது மட்டுமே காரணமன்று. இசுபானிய ‘மே’ என்பதும் அவ்விரு பொருளுக்கும் பொதுவானதே. ஆயினும் அங்கே வழக்கு வாழ்கின்றது. மக்கள் நா ஆளும்வரை வழக்கு நிலைக்கும். நா கைவிட்டால் ஏடு காவாது.

தமிழ் இத்தகைய நெஞ்சுணர்வுக்கு மற்றோர் இடமும் வகுத்தது. உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு ஆகிய ஐந்தனாலும் திணையும் பாலும் மாறி வருவதை நன்னூல் இயல்பென ஏற்கின்றது. ஆவினை உவந்து “என் அம்மை வந்தாள்” என்பது இதற்குக் காட்டப்பெறும் எடுத்துக்காட்டு. அன்பு மிக்க இடத்தில் ‘அது’ என்பது ‘அவள்’ ஆகின்றது. இலக்கணம் நெஞ்சுக்கு வழிவிட்டு நிற்கும் இடம் அது!

சிற்றூர் உழவர் நாவில் இவ்வழக்கு இன்றும் உயிரோடிருக்கின்றது. ஆனால், தன் வீட்டு ஆவைப் பற்றி, “அவள் இன்னும் மேயவில்லை” என ஒரு சிறுவன் கட்டுரையில் எழுதினால், சிவப்பு மையால் அடித்து ‘அது’ எனத் திருத்தும் ஆசிரியர் உளர். அவர் அடிப்பது பிழையையன்று. நன்னூலே காத்துத் தந்த உரிமையை! வழு வேறு, வழுவமைதி வேறு. அறியாமையால் மாறியதைத் திருத்துக; அன்பினால் மாறியதைப் போற்றுக. தமிழைக் காத்தல் அயற்சொல்லைக் களைவதோடு முடிவதன்று. தமிழன் நெஞ்சு தமிழிலேயே பேசுதற்குரிய இடத்தையும் அடைக்காமற் காப்பதே முழுக் காப்பு!