‘முதலில் தேறி வா’ என்று சொல்லாதீர்கள்



ஒரு பெண் தன் கையைக் கீறிக்கொண்டாள் என்றால் நாம் என்ன சொல்கிறோம்? ‘எல்லாம் நடிப்பு. நாலு பேர் பார்க்கணும்னு செய்யுது.’ சிறு வயதில் அவளுக்கு என்ன நடந்தது என்று கேட்க ஒருவருக்கும் வாய் வருவதில்லை.

இப்படித் தன்னையே காயப்படுத்திக்கொள்ளத் தூண்டும் எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு உள்ள எல்லோரும் கொடுமைக்கு ஆளானவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஆளானவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒருபக்கம் இந்தக் கோளாறின் கட்டுக்கடங்காத உணர்ச்சி. மறுபக்கம் பழைய கொடுமை கனவாகவும் நினைவாகவும் துரத்தும் பேரதிர்ச்சி நோய். இந்த இரண்டு நோய்களும் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் ஏறியது ஒரே ஆண்டில், 1980இல். சிகிச்சையில் மட்டும் நெடுங்காலம் தனித்தனியாகவே நின்றன. ‘பழையதைக் கிளறினால் இவள் உயிரை மாய்த்துக்கொள்வாள், முதலில் தேறி வரட்டும்’ என்றார்கள். அந்தப் பழையதுதானே அவளைத் தேறவிடாமல் வைத்திருக்கிறது!

மார்ஷா லினஹான் என்ற அம்மையாரை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். 1961இல், பதினேழு வயதில், அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் ஒரு மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். இரண்டு ஆண்டுக்கு மேல் அங்கே கிடந்தார், தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டு. பிறகு படித்து, சியாட்டிலில் பேராசிரியராகி, டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி என்ற சிகிச்சையை உருவாக்கினார். சுருக்கமாக டி.பி.டி. அது பலன் தருகிறது என்று காட்டிய முதல் ஆய்வு 1991இல் வெளிவந்தது. 2011இல் அதே மருத்துவமனைக்குத் திரும்பிப் போய், ‘நானும் இங்கே நோயாளியாக இருந்தவள்’ என்று ஊரறியச் சொன்னார். அந்தத் துணிவை நான் வணங்குகிறேன்.

டி.பி.டி.யில் என்ன நடக்கிறது? வாரம் ஒருமுறை தனியாகப் பேச்சு, இன்னொரு நாள் குழுவாகப் பயிற்சி. அன்றன்று வந்த உணர்ச்சியையும் தன்னைக் காயப்படுத்தும் உந்துதலையும் ஓர் அட்டையில் குறித்து வர வேண்டும். உந்துதல் உச்சத்துக்கு வரும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தைக் குளிர்ந்த நீரில் சற்று நேரம் அமிழ்த்தச் சொல்கிறார்கள். இதயத் துடிப்பு தணிகிறது, புயல் சற்று அடங்குகிறது. இதய நோய் உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

இதோடு மெலனி ஹார்னெட் என்ற உளவியலாளர் இன்னொன்றை இணைத்தார். எட்னா ஃபோவா என்ற இன்னொரு உளவியலாளர் வகுத்த முறை அது. நடந்த கொடுமையை, கண்ணை மூடிக்கொண்டு, இப்போது நடப்பதுபோல வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னது பதிவாகும். வீட்டுக்குப் போய் அந்தக் குரலையே திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். எளிதா அது? நெஞ்சு நடுங்கும். ஆனால் கேட்கக் கேட்க, நினைவு நினைவாகவே நிற்கிறது, ஆளை அடிப்பதில்லை. இதைத் தொடங்க ஒரு நிபந்தனை உண்டு: ஏறக்குறைய இரண்டு மாதம் தன்னைக் காயப்படுத்தாமல் இருந்திருக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை.

ஜெர்மனியில் மார்ட்டின் போஹுஸ் குழுவினர், குழந்தைப் பருவக் கொடுமைக்கு ஆளான 193 பெண்களிடம், டி.பி.டி. அடித்தளத்தில் எழுந்த தங்கள் சிகிச்சையைக் காக்னிடிவ் பிராசசிங் தெரபி என்ற வேறொரு சிகிச்சையோடு ஒப்பிட்டார்கள். 2020இல் முடிவு வந்தது. இரண்டுமே உதவின. டி.பி.டி. வழியில் வந்தவர்களில் நூற்றுக்கு 58 பேருக்குப் பேரதிர்ச்சி நோயின் அறிகுறிகள் தணிந்தன; மற்றதில் 41 பேருக்கு. பாதியில் விட்டுப்போனவர்களும் டி.பி.டி. வழியில்தான் குறைவு.

ஆகவே கேட்கிறேன். நம் அரசு மருத்துவமனைகளின் உளவியலாளர்களுக்கு இந்தப் பயிற்சியைக் கொடுங்கள் என்று இந்த அவையே தீர்மானம் போடட்டும். வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், ‘நடிக்கிறாள்’ என்ற சொல்லை இன்றே விடுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணைக் கூப்பிடுங்கள். இரவும் பகலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.