உயிரணுவின் நுனிக்காப்பும் புற்றுநோயும்

(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காசிமேட்டில் படகுக் கயிற்றின் நுனி பிரியாதிருக்க நூல் சுற்றிக் கட்டுவதை நாம் கண்டிருக்கிறோம். நம் உயிரணுக்களிலுள்ள குரோமோசோம்களின் நுனிகளிலும் அத்தகைய காப்பு உண்டு. அதன் பெயர் டெலோமியர். உயிரணு பிளவுறுந்தோறும் அது சிறிது தேய்கிறது. மிகவும் தேய்ந்தால் உயிரணு பிளவுறுவதை நிறுத்திவிடுகிறது.

பெரும்பாலான புற்றணுக்களோ டெலோமெரேஸ் என்னும் நொதியால் அந்நுனியைப் புதுப்பித்து, ஓயாது பெருகுகின்றன. புற்றுநோய்களில் நூற்றுக்கு 85 முதல் 90 வரை இந்நொதி செயற்படுகிறது. இத்துறைக்கு வழிகோலிய பிளாக்பர்ன், கிரெய்டர், சோஸ்டாக் ஆகிய மூவரும் 2009-இல் நோபல் பரிசு பெற்றனர்.

இந்நொதியைத் தடுக்கும் இமெடெல்ஸ்டாட் என்னும் மருந்து 2024-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. எனினும் அது எலும்பு மஜ்ஜையைப் பற்றும் ஒருவகை நோயால் இரத்தசோகையுற்று, அடிக்கடி இரத்தம் ஏற்ற வேண்டியோருக்கே உரியது. நம்மிடையே மிகுந்துள்ள வாய்ப்புற்றுக்கு அன்று.

ஆகவே புதுமருந்தை எதிர்பார்த்து வாளாவிருத்தல் தகாது. புகையிலையையும் பான்மசாலாவையும் இன்றே விடுவோம். மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண்ணைச் செலவுக்கும் ஊராருக்கும் அஞ்சி மறைப்பவர் நம் மஹல்லாவிலும் உளர். தொடக்கத்தில் குணப்படுத்தத்தக்க நோய், மறைத்த மாதங்களில் முற்றிவிடுகிறது. 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை நம் நகரிலேயே இருக்கிறது. நோயுற்றவரை அங்கே உடன் அழைத்துச் செல்வதும், அக்குடும்பத்தைத் தனித்து விடாதிருப்பதும் நம் அனைவரின் கடமையாகும்.