ஒரு பருவம் வெளிநாட்டில்: விண்ணப்பமும் செலவும்

(கிராம நூலகத்தில் நடைபெற்ற பெற்றோர்–மாணவர் கூட்டத்தில் கல்லூரி ஆசிரியர் குழுவின் சார்பில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இந்த நூலகத்தில் பேச எங்களை அழைத்தபோது, வேலை வாய்ப்பைப் பற்றிப் பேசுவோம் என்று உங்களுள் பலர் எண்ணியிருக்கக்கூடும். நாங்கள் எடுத்துக்கொண்ட விஷயம் வேறு. கல்லூரியில் படிக்கும் பிள்ளை தன் கல்லூரியை விட்டு விலகாமலே ஒரு பருவத்தை மட்டும், செமஸ்டர் என்று பிள்ளைகள் சொல்லும் அந்த ஐந்தாறு மாதத்தை மட்டும், அயல்நாட்டுப் பல்கலைக் கழகம் ஒன்றில் பயின்று திரும்புவதற்கு ஏற்பாடுகள் இருக்கின்றன. பட்டம் இங்கேதான் கிடைக்கும். அங்கே எழுதிய தேர்வுகளும் அந்தப் பட்டத்தின் கணக்கில் சேரும். இந்த ஏற்பாட்டைப் பற்றிக் கிராமங்களில் கேட்டால், "அதெல்லாம் பணக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு" என்ற விடைதான் வருகிறது. அந்த விடை பாதி சரி, பாதி தவறு. தவறான பாதியால் வாய்ப்பை இழந்த ஒரு மாணவியை நாங்கள் அறிவோம். அவள் இழந்ததில் எங்களுக்கும் பங்குண்டு. அதைப் பிறகு சொல்லுகிறோம்.

பணத்தைப் பற்றிய கேள்வி இன்று முளைத்ததன்று. 1923ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக் கழகத்திலிருந்து 8 மாணவர்கள் கப்பலேறி பிரான்ஸ் தேசத்துக்குப் படிக்கச் சென்றார்கள். அழைத்துச் சென்றவர் ரேமண்ட் கிர்க்பிரைடு என்னும் ஆசிரியர். முதல் உலகப் போரில் பணியாற்றியவர். அமெரிக்கக் கல்லூரிகள் மாணவரை இவ்விதம் அனுப்பிவைக்கும் வழக்கத்துக்கு இதையே தொடக்கமாகச் சொல்வார்கள். அந்த முதற் பயணமே தனியார் நன்கொடையின் துணைகொண்டுதான் நடந்தது. பியர் து பாண்ட் என்ற தொழிலதிபர் நன்கொடையாளருள் முக்கியமானவர். ஐரோப்பாவிலே எராஸ்மஸ் திட்டம் 1987இல் 11 நாடுகளைச் சேர்ந்த 3,244 மாணவர்களோடு தொடங்கியது. இன்று அதன் வழியே சென்று வந்தோர் தொகை ஒரு கோடியைத் தாண்டிவிட்டது. 2015 முதல் இந்தியா போன்ற வெளிநாடுகளின் மாணவர்களும் அதில் இடம்பெற வழி பிறந்தது. ஆனால் மாணவனின் கல்லூரிக்கும் ஐரோப்பியப் பல்கலைக் கழகம் ஒன்றுக்கும் ஒப்பந்தம் இருக்க வேண்டும். அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கில்மன் உபகாரச் சம்பளம் ஏற்பட்டது. மத்திய அரசின் பெல் உதவி பெறும் எளிய குடும்பத்து மாணவர்க்கென்றே, வெளிநாட்டுப் படிப்புக்காக 5,000 டாலர் வரை அளிக்கிறார்கள். அது அந்நாட்டுக் குடிமக்களுக்கு உரியது, நமக்கு அன்று. எனினும், உதவியில்லாவிடில் ஏழை மாணவன் புறப்படமாட்டான் என்பதைச் செல்வ நாடுகளும் உணர்ந்திருக்கின்றன என்பதற்காக இதைச் சொன்னோம்.

இனி நம் பிள்ளைகளின் விஷயத்துக்கு வருவோம். முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "எந்த நாடு?" என்பதன்று, "கல்விக் கட்டணம் யாருக்குக் கட்ட வேண்டும்?" என்பதே. இரு கல்லூரிகளும் ஒப்பந்தம் செய்துகொண்டு மாணவரை மாற்றிக்கொள்ளும் முறை ஒன்று உண்டு. அதில் பிள்ளை வழக்கம்போல் இங்குள்ள கட்டணத்தைச் செலுத்தினால் போதும். அங்கே கல்விக் கட்டணம் கிடையாது. எராஸ்மஸ் விதிகளோ, படிப்புக்கும் பதிவுக்கும் தேர்வுக்கும் ஆய்வகத்துக்கும் கட்டணம் வாங்கக் கூடாது என்றே கூறுகின்றன. காப்பீடு, மாணவர் சங்கம் போன்ற சிறு தொகைகளை மட்டும், அவ்வூர் மாணவரிடம் வாங்குவதுபோல் வாங்கலாம். இரண்டாவது முறையில், ஒப்பந்தம் ஏதுமின்றி மாணவன் தானே வருகை மாணவனாகச் சேர்ந்து, அங்குள்ள கட்டணத்தை முழுவதும் செலுத்துகிறான். மூன்றாவது முறை, இடைத்தரகர் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்லுவது. இந்த மூன்றையும் ஒரே பெயரால் அழைப்பதனால்தான் குழப்பம் விளைகிறது. பக்கத்து ஊர்க்காரர் பத்து லட்சம் செலவழித்தார் என்று கேள்விப்பட்டு அஞ்சுகிறோம். அவர் சென்றது மூன்றாவது வழியாக இருக்கும். ஆகவே, பெற்றோர் முதலில் போக வேண்டிய இடம் பிள்ளையின் கல்லூரியிலுள்ள வெளிநாட்டுத் தொடர்பு அலுவலகமேயன்றி நகரத்து மாடிக் கட்டிடத்து ஆலோசனை நிலையம் அன்று.

ஜெர்மனியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அந்நாட்டோடு நமக்குப் பழைய உறவு உண்டு. 1959இல் மேற்கு ஜெர்மனியின் துணையோடு சென்னை ஐ.ஐ.டி. தோன்றியது. ஐ.ஐ.டி. முதுநிலை மாணவர்கள் ஜெர்மன் உபகாரச் சம்பளத்தோடு அங்கே சென்று ஆய்வு முடித்து வரும் திட்டம் 1997இல் தொடங்கியது. அங்குள்ள அரசுப் பல்கலைக் கழகங்களில் பெரும்பாலானவை கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. பாடன்–வூர்ட்டம்பர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மாற்று ஒப்பந்தத்தில் வருவோருக்கு அதுவும் இல்லை.

அப்படியானால் தடை எங்கே? விசாவிலே இருக்கிறது. 90 நாளுக்கு மேல் தங்குவோர் தேசிய விசா பெற வேண்டும். அதற்கு, தங்கும் மாதங்களுக்கு வேண்டிய பிழைப்புப் பணம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் மாதம் 992 யூரோ, ஆண்டுக்கு 11,904 யூரோ என்று அந்தத் தொகை வகுக்கப்பட்டது. கணக்குக்கு எளிதாக ஒரு யூரோவை 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஆறு மாதத்துக்கு ஏறக்குறைய 6 லட்ச ரூபாய் ஆகிறது. இதை முன்கூட்டியே ஒரு தடைக் கணக்கில் போட்டு வைக்க வேண்டும். பிள்ளை அங்கே சென்றபின் மாதாமாதம் ஒரு பங்கு அவன் கைக்குத் திரும்ப வரும். இது கட்டணம் அன்று, பிள்ளையின் சொந்தப் பணமே. ஆனாலும் நாட்டுப்புறத்துக் குடும்பம் ஒன்று அதை எங்கிருந்து எடுத்து வைக்கும்?

இங்கேதான் அந்த மாணவியின் கதை வருகிறது. சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் கல்லூரியில் படித்த விவசாயி மகள் ஒருத்தி இத்தகைய ஒரு பருவத்துக்குத் தேர்வு பெற்றாள். உபகாரச் சம்பளமும் உறுதியாகியிருந்தது. அவள் தந்தையார் எங்களிடம் வந்து, "ஐயா, ஆறு லட்சம் வங்கியில் காட்டணுமாமே. இருக்கிற அரை ஏக்கரைக் கொடுத்தாலும் அவ்வளவு வராதே" என்றார். நாங்கள் அவருக்கு ஆறுதல் சொன்னோமே தவிர, விதியைப் படித்துப் பார்க்கவில்லை. உபகாரச் சம்பளம் அளிப்போரின் உத்தரவுக் கடிதத்தில் மாதத் தொகையும் மாதக் கணக்கும் தெளிவாக எழுதியிருந்தால், தடைக் கணக்குக்குப் பதிலாக அக்கடிதத்தைக் காட்டலாம். சம்பளம் குறைவாயிருந்தால் குறையும் தொகைக்கு மட்டும் பணம் காட்டினால் போதும். அவளுக்கு வந்த கடிதத்தில் தொகை எழுதப்படவில்லை. எழுதித் தரும்படி ஒரு வரி கேட்டிருந்தால் ஒரு வாரத்தில் வந்திருக்கும். நாங்கள் கேட்கவில்லை. நிலத்தை விற்கும் பேச்சு வீட்டில் எழுந்ததும், அவளே எங்களிடம் வந்து, தனக்குப் போக விருப்பமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். விருப்பமில்லாமலா இருந்திருக்கும்! விதி எங்களுக்குத் தெரிந்தது அடுத்த ஆண்டில்தான்.

அடுத்து, வரவும் செலவும் வெவ்வேறு காலத்தில் நிகழ்வதை நீங்கள் கவனிக்க வேண்டும். 2021இல் தொடங்கிய எராஸ்மஸ் கட்டத்தின் விதிகளில், நம் நாடு போன்ற இடங்களிலிருந்து வருவோர்க்கு, போகும் நாட்டைப் பொறுத்து மாதம் 800 முதல் 900 யூரோ வரை சம்பளமும், தூரத்தைக் கணக்கிட்டு வழிச்செலவும் வகுத்தார்கள். நல்ல தொகைதான். ஆனால் பல இடங்களில் முதல் தவணை, மாணவன் அங்கே போய்ச் சேர்ந்து வங்கிக் கணக்கு திறந்த பின்னரே கைக்கு வருகிறது. விமான டிக்கெட்டு, விசா கட்டணம், காப்பீடு, அறைக்கு முன்பணம், குளிருக்கு ஒரு மேலங்கி ஆகிய எல்லாம் அதற்கு முன்பே வேண்டியிருக்கின்றன. நாற்று நடுவதற்குக் கடன் வாங்கி அறுவடையில் அடைக்கும் உங்களுக்கு இக்கணக்கை நாங்கள் விளக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று மாதத்துக்கு மட்டும் வேண்டிய இந்தக் கைமாற்றுக்காக நிலத்தை விற்பது தகாது. எங்கள் மாணவன் ஒருவனுக்கு அவன் தாயார் சேர்ந்திருந்த மகளிர் சுய உதவிக் குழு ரூ. 70,000 கொடுத்தது. அவன் முதல் இரண்டு மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அனுப்பி அதை அடைத்தான். வங்கிக் கல்விக் கடன் திட்டத்தில் ரூ. 4 லட்சம் வரை ஈடு கேட்பதில்லை. பெற்றோர் உடன் கையெழுத்திட வேண்டும். எனினும், உபகாரச் சம்பளம் உறுதியான பிள்ளைக்கு நீண்ட காலக் கடன் தேவையா என்பதை நன்கு யோசியுங்கள். சம்பளமே இல்லையென்றால், கடன் வாங்கி ஒரு பருவத்துக்காக மட்டும் போவதை நாங்கள் சிபாரிசு செய்யமாட்டோம். வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறோம்.

தம்பி தங்கையருக்கு இனிச் சில வார்த்தைகள். ஜெர்மனியில் குளிர்காலப் பருவம் அக்டோபரில் தொடங்குகிறது. அதற்கு வசந்த காலத்திலேயே உங்கள் கல்லூரி உங்கள் பெயரை அனுப்ப வேண்டும், பின்னர் அங்குள்ள பல்கலைக் கழகத்துக்கு நீங்கள் மனுச் செய்ய வேண்டும், அதன்பின் விசா. ஆகவே முந்தைய ஆண்டு தீபாவளிக்குள் பாஸ்போர்ட் கையில் இருப்பது நலம். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குச் சாதாரண முறையில் ரூ. 1,500 கட்டணம், 2017 முதல் தபால் நிலையங்களிலும் சேவை மையங்கள் ஏற்பட்டிருக்கின்றன. ஆனால் நம் பிள்ளைகளை ஆட்டி வைப்பது கட்டணம் அன்று, முன்னெழுத்து! மதிப்பெண் பட்டியலில் பெயருக்கு முன் 'மு' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் தந்தையின் முழுப் பெயரை விரித்து எழுத வேண்டும். ஆதாரில் அது பெயருக்குப் பின்னே போயிருக்கும். பிறப்புச் சான்றிதழில் பெயரே இராது. 'ஆண் குழந்தை' என்று மட்டும் இருக்கும். வெளிநாட்டு அலுவலருக்கு இவர்கள் நால்வரும் ஒருவரே என்று எப்படித் தெரியும்? பாஸ்போர்ட்டில் எவ்விதம் எழுதுகிறீர்களோ, அவ்விதமே பிறகு எல்லா மனுக்களிலும் ஓரெழுத்தும் பிசகாமல் எழுதுங்கள்.

எதற்காகப் போக விரும்புகிறீர்கள் என்று ஒரு கட்டுரை கேட்பார்கள். யாரோ எழுதி வைத்த அலங்கார வாசகங்களைப் பெயர்த்தெழுதாதீர்கள். அவற்றை அவர்கள் ஆயிரம் முறை படித்தவர்கள். ஏரி மதகு திறக்கும் முறை பற்றியோ, தந்தையின் தறி பற்றியோ நீங்கள் அறிந்ததைச் சொல்லி, அங்கு எந்தப் பாடத்தைப் படிக்க வேண்டும், ஏன் என்று நேராக எழுதினால் போதும். ஆங்கிலத் தேர்ச்சிக்குப் பல இடங்களில் கல்லூரியின் சான்றிதழையே ஏற்கிறார்கள். பணம் கட்டித் தேர்வு எழுதுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெற்றோர் கடைசியாகப் பார்க்க வேண்டியது கற்றல் ஒப்பந்தம் என்னும் தாள். பிள்ளை அங்கே எந்தெந்தப் பாடம் படிப்பான், அவை இங்கே எவற்றுக்கு ஈடாகும் என்று அதில் எழுதி மாணவன், நம் கல்லூரி, அந்தப் பல்கலைக் கழகம் ஆகிய மூவரும் கையெழுத்திட வேண்டும். ஐரோப்பிய முறையில் ஒரு பருவத்துக்கு 30 மதிப்பலகுகள். நம் நாட்டில் 2021 முதல் மதிப்பலகு வங்கி இயங்கி வருகிறது. என்றாலும், அந்தத் தாளில் நம் கல்லூரியின் கையெழுத்து இல்லாமற் போனால், திரும்பி வந்த பிள்ளை விட்டுப்போன பாடங்களையெல்லாம் மீண்டும் எழுத நேரும்; ஓர் ஆண்டும் வீணாகும். வளாக நேர்காணல் நடக்கும் பருவத்தில் அனுப்பலாகாது என்பதையும் கல்லூரியிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அரசின் கட்டணச் சலுகை பெறும் பிள்ளைகள், அந்தப் பருவத்திலும் சலுகை தொடரும் என்பதைக் கல்லூரியிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வாய்மொழி போதாது, எங்கள் வாய்மொழியும் போதாது.

நேரம் கடந்துவிட்டது, விளக்குக்கும் மின்சாரம் எவ்வளவு நேரம் இருக்குமோ தெரியவில்லை. பாஸ்போர்ட் மனு எழுத வேண்டியவர்கள் அந்த மேசையருகே வாருங்கள். பிறப்புச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ், ஆதார் மூன்றையும் ஒருங்கே எடுத்து வாருங்கள். பெயர் வேறுபடுகிறவர்களை முதலில் பார்ப்போம்.